கட்வாலடர்: ஒரு பழைய வெல்ஷ் பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட வேல்ஸுக்கு மருத்துவமனை வேலையில் சேர வரும் நம்மவர்கள் பணி ஆணையிலேயே இந்தப் பெயரைப் பார்த்துவிடுகிறார்கள்: பெட்சி கட்வாலடர் பல்கலைக்கழகச் சுகாதார வாரியம். வந்து சில மாதங்களில் வேல்ஸின் சிவப்பு டிராகன் கொடியைப் பற்றிப் பேச்சு வரும், அங்கேயும் கட்வாலடர். பிரிட்டன் வரலாற்றை ஆர்வமாகப் படிப்பவர்களும் இதே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் வேறு, அந்தப் பெயரைத் தாங்கிய 7ஆம் நூற்றாண்டு மனிதர் வேறு, அவர் இறந்து பல தலைமுறை கழித்து அவரைப் பற்றி எழுந்த கதை வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதில்தான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது.

1. கட்வாலடர்னா ஊர் பேரா, ஆள் பேரா?

ஆள் பெயர். முதலில் ஆண்களுக்கு மட்டும் வைத்த பெயர். வேல்ஸின் வடமேற்கில் இருந்த குவினெத் என்ற நாட்டை 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஓர் அரசரால் புகழ் பெற்றது. இன்று குடும்பப் பெயராகத்தான் அதிகம் காதில் விழும். சுகாதார வாரியத்தின் பெயரில் இருக்கும் பெட்சி ஒரு பெண். அவரைப் பற்றி 15ஆம் கேள்வியில்.

ஊர்ப் பெயருக்குள்ளும் இது உண்டு. ஆங்கில்சி தீவில் லான்கட்வாலடர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 'லான்' என்றால் தேவாலயமும் அதைச் சுற்றிய மனையும். கட்வாலடரின் தேவாலயம் உள்ள ஊர் என்று பொருள்.

2. இதை எப்படி உச்சரிக்கிறது? ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்களே?

கட்–வா–லடர். அழுத்தம் நடு அசையில். வெல்ஷ் மொழியில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். அந்த அழுத்தத்தைக் காட்டத்தான் இங்கே 'வா' என்று நெடிலாக எழுதுகிறோம். அங்கே அது குறில்தான். கடைசியில் 'ட்', 'ர்' இரண்டும் இடையில் உயிர் இல்லாமல் ஒட்டி நிற்கும். தமிழில் அப்படி எழுத முடியாததால் 'டர்' என்று போடுகிறோம்.

ஊர்ப் பெயரில் 'லான்' சேர்ந்ததும் அடுத்து வரும் ககரம் 'கங்கை'யின் இரண்டாவது ககரம்போல மென்மையாகிவிடும். வெல்ஷில் இதற்கு இலக்கண விதியே இருக்கிறது, எழுத்தையும் மாற்றி எழுதுவார்கள். 'லான்' என்பதன் முதல் ஒலியும் நம்முடைய லகரம் இல்லை. 'ல்' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊத வேண்டும். கொஞ்சம் பழகினால் வந்துவிடும்.

3. அர்த்தம் என்ன?

இரண்டு சொற்கள் சேர்ந்தது. 'கட்' என்றால் போர். 'குவாலடர்' என்றால் தலைவன், ஆள்பவன். சேரும்போது இரண்டாவது சொல்லின் முதல் மெய் தேய்ந்து 'வாலடர்' ஆகிறது. போர்த் தலைவன் என்று சொல்லலாம்.

இரண்டாவது பாதியின் வேர் ஆளுதல் என்ற பொருள் கொண்டது. வெல்ஷில் நாட்டைக் குறிக்கும் 'குலாட்' என்ற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். ஆகவே இது மிகப் பழைய அமைப்பு. ரோமானியர் வருவதற்கு முன்பே பிரிட்டனிலும் பிரான்ஸிலும் செல்டிக் மொழி பேசியவர்கள் இப்படி இரண்டு சொல் கோத்துத் தலைவர்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

4. அந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் 'கட்'னுதான் பேர் ஆரம்பிக்குதே, ஏன்?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். தாத்தா கட்வன், அப்பா கட்வாலன், மகன் கட்வாலடர். மூன்று தலைமுறையிலும் 'போர்' இருக்கிறது. முதல் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதை மாற்றுவது அரச குடும்பங்களில் வம்சத்தைக் காட்டும் ஒரு வழி. பக்கத்தில் இருந்த ஆங்கிலேய அரச குடும்பங்களிலும் இதே வழக்கம் இருந்தது: ஆஸ்வால்ட், ஆஸ்வியு என்று அண்ணன் தம்பிகள்.

தாத்தாவின் பெயரை இன்றும் கல்லில் பார்க்கலாம். லான்கட்வாலடர் தேவாலயத்துக்குள் ஒரு கல் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. மேலே ஒரு சிலுவை, கீழே லத்தீனில் ஒரே வாக்கியம்: 'கடமானுஸ் அரசர், எல்லா அரசர்களிலும் பேரறிவாளர், பெரும் புகழாளர்.' கடமானுஸ் என்பது கட்வன் என்ற பெயரின் பழைய வடிவம். பேரறிவாளர், பெரும் புகழாளர் என்ற இரண்டு லத்தீன் சொற்களிலும் இரட்டித்து வர வேண்டிய சகரம் ஒற்றையாக வெட்டப்பட்டிருக்கிறது. ரோமானியக் கல்வெட்டுகளின் பெரிய எழுத்துகள் மட்டும் இல்லாமல், அந்தக் காலத்துக் கையெழுத்துச் சுவடிகளின் எழுத்து வடிவங்களும் கலந்து கிடக்கின்றன. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பேரன் கட்வாலடர்தான் இதை நிறுத்தினார் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இது ஊகம்தான், ஆனால் பொருந்துகிற ஊகம். இந்தக் குடும்பத்தைப் பற்றி அவர்கள் காலத்திலேயே எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருப்பவை மிகக் குறைவு. அவற்றில் இந்தக் கல் ஒன்று.

இந்தப் பெயர்களின் பொருளை அக்காலத்தவர் மறந்துவிடவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. கட்வாலனுக்குப் பிறகு குவினெத்தை ஆண்டவர் கடாவைல். 'போரைப் பிடிப்பவன்' என்பதுபோல ஒலிக்கும் பெயர். 655இல் வின்வைட் என்ற இடத்தில் நடந்த போருக்கு முந்தைய இரவு தன் படையோடு எழுந்து போய்விட்டார். அதனால் 'கட்கொமெத்', அதாவது போரைத் தவிர்த்தவன் என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 829 வாக்கில் எழுதப்பட்ட 'பிரிட்டன்களின் வரலாறு' என்ற லத்தீன் நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது.

5. கட்வாலனும் கட்வாலடரும் ஒரே ஆள்தானே?

இல்லை, அப்பாவும் மகனும். சரித்திரத்தில் பெரிய காரியம் செய்தவர் அப்பா. கட்வாலன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டின் பெண்டாவோடு கூட்டுச் சேர்ந்து, வடக்கே இருந்த ஆங்கிலேய நாடான நார்த்தம்பிரியாவின் எட்வின் அரசரை ஹாட்ஃபீல்டு போரில் கொன்றார். பீட் என்ற துறவி 731இல் முடித்த தன் திருச்சபை வரலாற்றில் இதை 633 என்று குறிக்கிறார். அடுத்து சுமார் ஓராண்டு கட்வாலன் நார்த்தம்பிரியா முழுவதையும் சூறையாடினார். 634இல் ஹெக்ஸம் அருகே ஆஸ்வால்ட் அவரை வீழ்த்தினார்.

பெயரும் வேறு பெயர்தான். 'கட்' பொது, மீதிப் பாதி பழைய 'வெல்லௌனோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர் காலத்தில் தென்கிழக்கு பிரிட்டனில், இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ் பகுதியில், கட்டுவெல்லௌனி என்ற இனக்குழு இருந்தது. அந்த இனப்பெயரும் கட்வாலன் என்ற ஆள் பெயரும் ஒன்றே. இனத்துக்கும் ஆளுக்கும் ரத்த உறவு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே மொழியில் ஒரே வார்ப்பில் பிறந்த பெயர்கள், அவ்வளவுதான்.

6. அப்போ கட்வாலடர் என்ன சாதிச்சார்?

பதிவுகளைப் பார்த்தால் மிகக் கொஞ்சமே இருக்கிறது. 'பிரிட்டன்களின் வரலாறு' சொல்வது இவ்வளவுதான்: நார்த்தம்பிரியாவில் ஆஸ்வியு ஆண்டபோது கொள்ளைநோய் வந்தது, தந்தைக்குப் பின் பிரித்தானியர் நடுவே கட்வாலடர் ஆண்டுகொண்டிருந்தார், அந்நோயில் இறந்தார். இங்கே பிரித்தானியர் என்பது ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்தே அந்தத் தீவில் வாழ்ந்த மக்கள், வெல்ஷ்காரர்களின் மூதாதையர். வேல்ஸ் நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகக் குறித்த கேம்பிரிய ஆண்டுக்குறிப்புகளிலும் ஒரே வரிதான்: பெரிய சாவு, அதில் கட்வாலனின் மகன் கட்வாலடர் இறந்தார்.

இவை தவிர 10ஆம் நூற்றாண்டில் தொகுத்த அரச வம்சாவளி ஒன்றில் அவர் பெயர் அப்பாவுக்கும் மகன் இட்வாலுக்கும் இடையில் வருகிறது. ஒரு போர் வெற்றிகூட அவர் பெயரில் பழைய ஏடுகளில் இல்லை. எனக்கு இந்தப் பெயர் மேல் இவ்வளவு ஈடுபாடு வந்ததே இதனால்தான். கொள்ளைநோயில் இறந்தார் என்ற ஒரு வரி மட்டுமே மிஞ்சிய மனிதரின் பெயரை எட்டு நூற்றாண்டு கழித்து ஓர் அரசர் ஆட்சியைப் பிடிக்க எடுத்துக்கொண்டார்.

7. செத்தது 664ன்னு ஒரு புத்தகத்துல இருக்கு, 682ன்னு இன்னொண்ணுல இருக்கு. எது சரி?

இரண்டுக்கும் பழைய ஆதாரம் உண்டு. 682 கேம்பிரிய ஆண்டுக்குறிப்புகள் தரும் ஆண்டு. 664 நேரடியாக எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, கணக்கிட்டு வருவது. முந்தைய பதிலில் சொன்ன 'பிரிட்டன்களின் வரலாறு' ஆஸ்வியு ஆண்ட காலம் என்கிறது. ஆஸ்வியு 670இல் இறந்துவிட்டார். அவர் காலத்தில் தீவையே உலுக்கிய கொள்ளைநோய் 664இல் வந்தது. பீட் அதை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

680களிலும் பிரிட்டனில் மீண்டும் கொள்ளைநோய் பரவியது. ஆகவே 682 முடியாத ஆண்டு அல்ல. ஆனால் ஆண்டுக்குறிப்புகள் இன்றைய வடிவில் 10ஆம் நூற்றாண்டின் நடுவில் தொகுக்கப்பட்டவை. மற்ற நூல் அதைவிட நூறாண்டுக்கு மேல் பழையது. இரண்டு கொள்ளைநோய்களில் ஒன்றை மற்றதாக எடுத்துத் தப்பான ஆண்டில் எழுதுவது எளிதில் நடக்கக்கூடியது. அதனால் நான் 664 பக்கம் சாய்கிறேன். கட்டுரை எழுதுபவர்கள் '664 அல்லது 682' என்று எழுதினால் தவறில்லை.

8. அவர் ரோமுக்குப் போய் போப் கையால ஆசி வாங்கி அங்கேயே இறந்தார்னு படிச்சேனே?

அது 12ஆம் நூற்றாண்டில் உருவான கதை. மான்மவுத் ஜெஃப்ரி என்ற எழுத்தாளர் 1136, 1138 வாக்கில் எழுதிய பிரிட்டன் அரசர்களின் வரலாறு கட்வாலடரோடுதான் முடிகிறது. பஞ்சமும் கொள்ளைநோயும் தாக்க, கட்வாலடர் கடல் கடந்து, பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியின் அரசர் ஆலனிடம் தஞ்சம் புகுகிறார். நாடு திரும்பக் கப்பல் தயார் செய்யும்போது ஒரு தேவ குரல் தடுக்கிறது: பிரித்தானியர் இனி இந்தத் தீவை ஆள்வது கடவுளின் விருப்பம் இல்லை, நீ ரோமுக்குப் போ. அவர் போய், போப் செர்ஜியஸைக் கண்டு, 689ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று இறக்கிறார்.

இந்தத் தேதியைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் தெற்கில் இருந்த வெசெக்ஸை ஆண்ட கேட்வாலா என்ற ஆங்கிலேய அரசர் 688இல் முடியைத் துறந்து ரோமுக்குப் போனார். 689 ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை ஞானஸ்நானம் பெற்று, பேதுரு என்று பெயர் மாற்றிக்கொண்டு, சில நாளில் இறந்து, புனித பேதுரு தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். அவருக்கு ஞானஸ்நானம் அளித்த போப் செர்ஜியஸ். அவர் இறந்த நாள் ஏப்ரல் 20, 689. பீட் அவருடைய கல்லறைப் பாடலையே படியெடுத்துத் தந்திருக்கிறார். ஆங்கிலேய அரசரின் மரணத்தை ஜெஃப்ரி அப்படியே எடுத்துக் கட்வாலடருக்கு மாட்டிவிட்டார்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு தடயமும் உண்டு. கட்வாலடருக்குப் பின் ஐவர், யினி என்ற இருவர் போராடியதாக ஜெஃப்ரி எழுதுகிறார். வெசெக்ஸில் கேட்வாலாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர் பெயர் ஐனி! பிறகு வந்த வெல்ஷ் நாளாகமங்கள் ஜெஃப்ரியின் கதையை உண்மையாக எடுத்துக்கொண்டு, கட்வாலடர் ரோமில் இறந்ததிலிருந்தே வரலாற்றைத் தொடங்குகின்றன. அதனால்தான் இது இவ்வளவு பரவிவிட்டது.

9. கேட்வாலா ஆங்கிலேயர்னா அவருக்கு ஏன் வெல்ஷ் மாதிரி பேர்?

ஏனென்றால் அது வெல்ஷ் பெயரேதான். கட்வாலன் என்ற பெயரை ஆங்கிலேயர் நாவில் திருத்திச் சொன்னால் கேட்வாலா. பீட் இருவரையும் ஒரே எழுத்துக்கூட்டில்தான் எழுதுகிறார். நார்த்தம்பிரியாவைச் சூறையாடிய பிரித்தானியரும் அவருக்குக் கேட்வாலா, ரோமில் இறந்த ஆங்கிலேயரும் கேட்வாலா. ஜெஃப்ரிக்கு வழி திறந்துவிட்டது இதுதான்.

வெசெக்ஸ் அரச குடும்பத்தில் இது ஒரே உதாரணம் இல்லை. வம்சத்தின் முதல்வராகச் சொல்லப்படும் செர்டிக் என்ற பெயரும் பிரித்தானியப் பெயர். கேட்வாலாவின் தம்பிக்குப் பெயர் முல். கோவேறு கழுதை என்று பொருள். தாய் தந்தையில் ஒருவர் பிரித்தானியராக இருந்ததால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலேயரும் பிரித்தானியரும் எப்போதும் தனித்தனியாக நின்று சண்டை மட்டும் போட்டார்கள் என்ற எண்ணத்தை இந்தப் பெயர்கள் உடைக்கின்றன. திருமணம் நடந்திருக்கிறது, பெயர்கள் கைமாறியிருக்கின்றன.

10. அவரைப் புனிதர்னு சொல்றாங்களே, அது எப்படி?

வெல்ஷில் அவருக்கு அடைமொழி 'வெந்திகாயித்', அதாவது ஆசி பெற்றவர். அவர் பெயரில் ஆங்கில்சி லான்கட்வாலடர் தவிர வேறு தேவாலயங்களும் உண்டு. தென்கிழக்கில் நியூபோர்ட் அருகே பிஷ்டனில் ஒன்று இருக்கிறது. ரோமுக்கு யாத்திரை போனவர் என்ற கதை (8ஆம் பதில்) அந்த அடைமொழியை இன்னும் உறுதிப்படுத்தியது.

ஆங்கில்சி தேவாலயத்துக்கு மட்டும் கதையைத் தாண்டி ஒரு பொருத்தம் உண்டு. குவினெத் அரசர்களின் அரண்மனை இருந்த அபெர்ஃப்ராவ் அங்கிருந்து 2 மைல் தூரம்தான். தாத்தாவின் நினைவுக்கல்லும் அங்கேதான் இருக்கிறது. அது அரச குடும்பத்தின் தேவாலயமாக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

11. ஒண்ணுமே சாதிக்காதவர் திரும்பி வருவார்னு ஜனங்க ஏன் காத்திருந்தாங்க?

10ஆம் நூற்றாண்டில், 930, 942க்கு இடைப்பட்ட காலத்தில், 'பிரிட்டனின் பெரும் முன்னறிவிப்பு' என்ற வெல்ஷ் பாடல் எழுந்தது. ஆங்கிலேய அரசருக்கு வெல்ஷ் சிற்றரசர்கள் கப்பம் கட்டிக்கொண்டிருந்த காலம். வரி வசூலிக்க வரும் அதிகாரிகள் மேல் பாடலில் ஆத்திரம் கொதிக்கிறது. வெல்ஷ்காரர், டப்ளினின் வைக்கிங்குகள், அயர்லாந்துக்காரர், கார்ன்வால், ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் இருந்த பிரித்தானியர், பிரிட்டனிக்காரர் எல்லோரும் ஒன்றுசேர்ந்து ஆங்கிலேயரைக் கடலுக்குத் துரத்துவார்கள் என்கிறது. முன்னால் நின்று நடத்தப் போகிறவர்கள் இருவர்: கைனன் என்ற பழங்கதைத் தலைவர், கட்வாலடர். இன்று நாம் எதிர்பார்க்கும் ஆர்தர் அந்தப் பாடலில் இல்லவே இல்லை.

ஏன் கட்வாலடர்? என் எண்ணம் இது: அப்பா கட்வாலன்தான் ஆங்கிலேய நாட்டுக்குள் புகுந்து அதன் அரசரைக் கொன்றவர், ஆனால் அவர் போரில் தோற்று இறந்ததை எல்லோரும் அறிவார்கள். மகன் அப்படித் தோற்கவில்லை, நோயில் போனார். பிரித்தானியர் பெருமை அவரோடு முடங்கிப்போனது என்றால், அவரோடு திரும்பவும் வரலாம் அல்லவா? பெயரின் பொருளும் கைகொடுத்தது. 'போர்த் தலைவன்' வருவான் என்று பாடும்போது அதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை. கூட்டணி 937 புரூனன்பர் போரில் உருவானது, ஆனால் வெல்ஷ் அரசர்கள் அதில் சேரவில்லை, ஆங்கிலேயர் வென்றார்கள். பாடல் மட்டும் தங்கிவிட்டது. 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதிய ஒரு சுவடியில் பாதுகாக்கப்பட்டு, இப்போது அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

12. சிவப்பு டிராகன் கட்வாலடரோட கொடியா?

அவர் காலத்திலோ, அதற்கு அடுத்த சில நூற்றாண்டுகளிலோ எழுதிய எந்த ஏடும் அப்படிச் சொல்லவில்லை. சிவப்பு டிராகன் தனியாகவே பழையது. 'பிரிட்டன்களின் வரலாறு' நூலில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு டிராகன்கள் சண்டையிடும்; சிவப்பு பிரித்தானியர், வெள்ளை ஆங்கிலேயர். அங்கே கட்வாலடருக்கும் டிராகனுக்கும் முடிச்சு இல்லை.

முடிச்சைப் போட்டு நாடறியச் செய்தவர் ஹென்றி டியூடர், பின்னர் இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி அரசரானவர். 1485 ஆகஸ்ட் 7 அன்று பெம்புரோக்ஷயர் கரையில் இறங்கி, வேல்ஸ் வழியே நடந்து, 22ஆம் தேதி பாஸ்வொர்த்தில் மூன்றாம் ரிச்சர்டை வென்றார். கவிஞர்கள் அவரை முன்னறிவிக்கப்பட்ட மகன் என்று பாடியிருந்தார்கள். வெள்ளை–பச்சைப் பட்டில் சிவப்பு டிராகன் எழுதிய கொடியை வெற்றிக்குப் பின் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் காணிக்கையாக வைத்தார். அதைக் கட்வாலடரின் டிராகன் என்றே அழைத்தார்கள். இன்றைய வேல்ஸ் கொடியின் வெள்ளை–பச்சைப் பின்னணி அங்கிருந்து வருவதுதான். அதிகாரபூர்வக் கொடியானது 1959இல்.

13. டியூடர்கள் நிஜமாவே கட்வாலடர் வம்சமா, இல்ல சும்மா சொல்லிக்கிட்டாங்களா?

ஆண் வழியில் இல்லை. டியூடர்கள் ஆங்கில்சியின் பென்மினித் குடும்பம்; மூதாதை எட்னிவெட் வீச்சன் (இறப்பு 1246), குவினெத் அரசர் லிவெலினின் தலைமை அதிகாரி. அரச குடும்பம் அல்ல.

பெண் வழியில் கோடு போட முடியும். எட்னிவெட்டின் மனைவி குவென்லியன் தெற்கு வேல்ஸின் ரீஸ் பிரபுவின் (இறப்பு 1197) மகள். ரீஸ் பிரபுவின் வம்சம் 9ஆம் நூற்றாண்டின் குவினெத் அரசர் ரோட்ரி மாவுருக்குப் போகும். ரோட்ரியின் அப்பா மெர்வினின் அம்மா எதில்ட், பழைய குவினெத் வம்சத்துப் பெண். அந்த வழியே 6ஆம் பதிலில் சொன்ன வம்சாவளி கட்வாலடரில் போய் நிற்கும். அந்த வம்சாவளியை நம்பினால் உறவு உண்டு. ஆனால் அதே அளவு உறவு அக்காலத்துப் பல பிரபுக் குடும்பங்களுக்கும் இருந்தது. ஹென்றிக்கு முன்பு ஆண்ட யார்க் வம்சத்து நான்காம் எட்வர்டும் கட்வாலடர் வழி தனக்கு என்று வம்சாவளிச் சுருள்கள் வரையச் செய்தார்! இது பலர் அறியாத செய்தி, அழுத்திச் சொல்ல வேண்டியது.

14. அரசருக்கு அப்புறம் இந்தப் பேர்ல வேற யாராவது பெரிய ஆள் உண்டா?

உண்டு. கட்வாலடர் ஆப் கிரிஃபித், 1172இல் இறந்தவர். 'ஆப்' என்றால் 'இன்னாரின் மகன்'. குவினெத்தின் அரசர் ஓவைனின் தம்பி. 1136இல் கார்டிகன் அருகே க்ரூக் மாவுர் போரில் நார்மானியரை வென்றவர்களில் ஒருவர். ஆனால் 1143இல் இவருடைய ஆட்கள் தெற்கு வேல்ஸின் அனராடைக் கொன்றார்கள். ஓவைனின் மகளை மணக்க இருந்தவர் அனராட். அண்ணன் கோபத்தில் தம்பியின் நிலங்களைப் பறிக்கத் தன் மகனை அனுப்பினார். தம்பி டப்ளினுக்கு ஓடி, கூலிக் கப்பற்படையோடு திரும்பி வந்தார். பின் சமாதானம், 1152இல் மறுபடி துரத்தல், 1157இல் ஆங்கிலேய அரசர் இரண்டாம் ஹென்றி தலையிட்டு மீட்பு. இவ்வளவுக்கும் பிறகு அண்ணன் தம்பி இருவரும் பேங்கர் தேவாலயத்தில்தான் புதைக்கப்பட்டார்கள். ஆதாரங்களோடு முழு வாழ்க்கை தெரிகிற கட்வாலடர் வேண்டும் என்றால் இவரைத்தான் படிக்கச் சொல்வேன்.

20ஆம் நூற்றாண்டில் டிலிஸ் கட்வாலடர் என்ற கவிஞர் 1953இல் ரைல் ஊரில் நடந்த தேசிய எய்ஸ்டெத்வாட் என்ற வெல்ஷ் கலை இலக்கிய விழாவில் கிரீடம் வென்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

15. பெட்சி கட்வாலடர் யார்? அரசருக்குச் சொந்தமா?

சொந்தம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. 1789இல் வட வேல்ஸில் பாலா என்ற ஊர் அருகே பிறந்தவர். மெத்தடிஸ்ட் போதகர் டாவித் கட்வாலடரின் மகள். சின்ன வயதில் வீட்டை விட்டு லிவர்பூலுக்குப் போய், வீட்டு வேலை செய்து, கப்பலில் உலகம் சுற்றி, பிற்காலத்தில் செவிலியரானார். 65 வயதில் கிரிமியப் போருக்குப் போய் பாலக்லாவாவில் காயம்பட்டவர்களைக் கவனித்தார். விதிமுறைகள் விஷயத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலோடு ஒத்துப்போகவில்லை. 1860இல் லண்டனில் இறந்தார். 2009இல் அமைந்த வட வேல்ஸ் சுகாதார வாரியம் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. உள்ளூரில் வாரியத்தையே 'பெட்சி' என்றுதான் சொல்கிறார்கள்.

இங்கிலாந்தில் அவர் எலிசபெத் டேவிஸ் என்ற பெயரில் வாழ்ந்தார். கட்வாலடர் ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை என்பதால் அப்பா டாவித்தின் பெயரை ஒட்டி டேவிஸ் ஆக்கிக்கொண்டார். அப்பா பெயரை நம் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் நமக்கு இது வினோதமாகவே இருக்காது.

16. அமெரிக்காவுல கேட்வாலடர்னு நிறையப் பேர் இருக்காங்களே?

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வெல்ஷ்காரர்கள் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். பெயரும் கூடவே போனது. அமெரிக்கப் புரட்சியில் படைத்தலைவராக இருந்த ஜான் கேட்வாலடர் (1742–1786) பிலடெல்பியாவில் அப்படி வேரூன்றிய குடும்பம். வெல்ஷ் தொடர்பு இல்லாதவர்களும் முதற்பெயராக வைத்தார்கள்: நியூயார்க் துணை ஆளுநராக இருந்த தாவரவியலாளர் கேட்வாலடர் கோல்டன் (1688–1776) ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தில் பிறந்தவர்.

17. இந்தக் குடும்பப் பேர் இருந்தா ராஜ பரம்பரைன்னு அர்த்தமா?

இல்லை. வேல்ஸில் நிலையான குடும்பப் பெயர் வெகு காலம் கிடையாது. 'இன்னாரின் மகன் இன்னார்' என்றுதான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டமும் பதிவேடுகளும் நுழைந்தபின் மெல்ல மெல்ல, சில ஊர்களில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் இழுத்து, யாரோ ஒரு தலைமுறையின் தந்தை பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயரானது. ஆகவே ஒருவர் பெயர் கட்வாலடர் என்றால், மூதாதைகளில் ஒருவருக்கு அந்த முதற்பெயர் இருந்தது என்பது மட்டுமே உறுதி. அந்த மூதாதை விவசாயியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

18. பழைய ஆவணங்கள்ல தேடினா கிடைக்க மாட்டேங்குது. எந்த எழுத்துக்கூட்டுல தேடணும்?

மிகப் பழைய ஏடுகளில் 'கட்குவலார்ட்' என்று இருக்கும். அங்கே கடைசியில் 'ர்', 'ட்' இரண்டும் இடம் மாறியிருக்கும், நடுவில் 3ஆம் பதிலில் சொன்ன ககரமும் எழுத்தில் தங்கியிருக்கும். இடைக்கால வெல்ஷ் சுவடிகளில் கடைசி இரு மெய்களுக்கு நடுவே ஓர் உயிர் நுழைந்திருக்கும். லத்தீன் நூல்களில் 'உஸ்' விகுதி ஒட்டியிருக்கும். ஆங்கில ஆவணங்களில் லகரம் ஒற்றையாகவும் இரட்டையாகவும் வரும், கடைசியில் 'டர்' முழுதாக எழுதப்பட்டிருக்கும். அமெரிக்கப் பதிவுகளுக்கு இந்த இரண்டு வடிவங்களும் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பழைய ஏட்டில் கேட்வாலா என்று கண்டால் அதைக் கட்வாலடர் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ஹாட்ஃபீல்டில் வென்றவர் என்றால் கட்வாலன், ரோமில் இறந்தவர் என்றால் வெசெக்ஸ் அரசர். பீட்டின் நூலில் கட்வாலடர் பெயர் எங்கும் வருவதில்லை.